எதிர்ப்பக்கம் சுற்றிய காயில்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பீன்யா தொழிற்பேட்டையில், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். பாபின் என்ற உருளையை மெஷினில் மாட்டி, செம்புக் கம்பியை விரல்களுக்கு நடுவே பிடித்து, ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிவிடாமல் வரிசையாக உட்காரவைக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. பக்கத்து மெஷினில் என் சிநேகிதி. அவள் குடும்பம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து பிரேசர் டவுனில் குடியேறியது. என் வீடு விவேக் நகரில். இரண்டு பேரும் சிவாஜி நகரில் கம்பெனி பஸ் ஏறுவோம்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு இங்கிலீஷ் தொடர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கேபிளில் வரும். காலத்துக்குள் போய்வரும் ஒரு இயந்திரம், அதில் ஏறிப் போகும் விஞ்ஞானிகள். எங்களுக்கு அந்த விஞ்ஞானிகள்மேல் பெரிய மரியாதை கிடையாது. இயந்திரத்தைக் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கும் மெக்கானிக் பெண் ஒருத்தி அதில் இருந்தாள். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு இரண்டு வரி வசனம் இருந்தால் அதிகம். அவளுக்காகத்தான் பார்த்தோம். எங்கள் வீட்டில் கேபிள் இல்லை என்பதால் ஞாயிறுதோறும் சிநேகிதி வீட்டுக்குப் போய்விடுவேன். பேசும் இங்கிலீஷில் பாதிதான் பிடிபடும். மீதியைத் திங்கட்கிழமை பஸ்ஸில் சண்டை போட்டு முடிவு செய்வோம்.

"இவளுங்களுக்கு இங்கிலீஷ் சீரியலு கேக்குது பாரு," என்று பின்சீட்டில் ஒருவர் தவறாமல் சொல்வார். சிநேகிதி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். "ஆமாண்ணா, கேக்குது. உங்களுக்குக் காது கேக்கலன்னா நாங்க என்னா பண்றது?" என்பாள்.

பிரேசர் டவுனில் வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடை இருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் ஒருநாள் ஒரு நோட்டீஸைப் பார்த்தோம். அந்தத் தொடரின் ரசிகர்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கடை மாடியில் கூடுகிறார்கள், அன்று காலை வந்த பகுதியைப் பற்றிப் பேசுவார்கள், எல்லோரும் வரலாம். "எல்லோரும்" என்ற சொல்லை நாங்கள் அப்படியே நம்பினோம்.

போன அன்று மாடியில் பதினைந்து பேர் போல இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமையும் மாட்டிக்கொண்டு சிலர். முன்னால் டிவி, காலையில் பதிவுசெய்த கேசட், மேஜைக்குப் பின்னால் செயலாளர். அவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். எங்களைப் பார்த்ததும் மிகவும் நல்லவிதமாக, "யாரோட வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"இவளோட," என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

அன்றைய பகுதி எங்களை உலுக்கிவிட்டிருந்தது. விஞ்ஞானிகள் பழைய காலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களைக் கூட்டிவர முதல்முறையாக மெக்கானிக்கே போகிறாள். ஒரு ரயில் நிலையத்தில் தன் அம்மாவைப் பார்க்கிறாள், தன்னைவிடச் சின்ன வயதில். அந்த ரயில் விபத்தில் அம்மா சாகப்போவதும், அதனால்தான் தான் அனாதை விடுதியில் வளர்ந்து இந்த வேலைக்கு வந்ததும் அவளுக்குத் தெரியும். எதையும் தொடக்கூடாது என்பது விதி. அவள் விஞ்ஞானிகளை முதலில் அனுப்பிவிட்டு, அம்மாவின் டிக்கெட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறாள். ரயில் போய்விடுகிறது. அவள் திரும்பி வரும்போது ஆய்வகத்தில் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஸ்பேனரை எடுக்கிறாள். முடிந்தது.

செயலாளர் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். சாரம் இதுதான்: அம்மா பிழைத்தால் மகள் மெக்கானிக் ஆகியிருக்கமாட்டாள், ஆகாதவள் எப்படிப் போய் அம்மாவைக் காப்பாற்றினாள்? எழுதியவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் பயம் வந்தது. "தப்பு இல்லைங்க," என்றேன். "அவ திரும்பி வந்தது வேற எடம். அந்த மெஷின் பழைய மெஷின் இல்ல."

"மேடம், கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்லுங்க. எல்லாருக்கும் புரியணும்ல?" என்றார் செயலாளர். தமிழில்தான் சொன்னார். அந்த அறையில் பாதிப் பேர் அதற்குமுன் தமிழில்தான் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பயம் போய்விட்டது. "உங்களுக்குப் புரிஞ்சுதுல்ல? நீங்க சொல்லுங்க அவங்களுக்கு," என்றேன். "மெஷின் நடுவுல பெரிய காயில் இருக்கு. இத்தனை வாரமா அதை வலப்பக்கமா சுத்தியிருந்தாங்க. கடைசி சீன்ல இடப்பக்கமா சுத்தியிருக்கு. அவ மெக்கானிக் ஆகாத உலகத்துல வேற ஆள் சுத்தினது."

சிரித்தார்கள். செட் போடுகிறவர்கள் கவனக்குறைவாக வைத்திருப்பார்கள் என்றார் ஒருவர். இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்றார் இன்னொருவர்.

நான் பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரே முழுக்க எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். திசை மாறினால் வோல்டேஜைக் கூட்ட வேண்டிய காயில் குறைத்துவிடும். சூப்பர்வைசர் எல்லோருக்கும் முன்னால் அந்த டிரேயைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். அதன் பிறகு எந்தக் காயிலைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது திசைக்குத்தான்.

"கேசட்டைப் போடுங்க," என்றேன்.

"டைம் இல்ல மேடம், அடுத்த டாபிக்..."

சிநேகிதி அதற்குள் டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "போடுங்கண்ணா. தப்புன்னா நாங்க எந்திரிச்சிப் போயிடறோம்."

போட்டார்கள். முதலில் ரயில் நிலையத்துக்குக் கிளம்பும் காட்சி, பிறகு கடைசிக் காட்சி. இரண்டையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். காயில் திசை மாறியிருந்தது. செயலாளர் விடவில்லை. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்றார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் மெக்கானிக்குக்குப் பின்னால் இருந்த கதவில் ஏழு என்ற எண் எழுதியிருந்தது.

"படம் திரும்பியிருந்தா ஏழும் திரும்பியிருக்கணுமே? ஏழு ஏழாத்தான் இருக்கு," என்றேன்.

யாரோ ஒருவர் கைதட்டினார். வீடு வரை நடந்தே போகலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த மாதம் அவர்களுடைய செய்திமடல் வந்தது. இங்கிலீஷில் டைப் செய்து ஜெராக்ஸ் எடுத்த இரண்டு பக்கம், கேசட் கடை கவுண்டரில் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் பக்கத்திலேயே காயில் விஷயம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். திசை மாறியதையும், ஏழு என்ற எண்ணையும் நமது செயலாளர் கண்டுபிடித்தார் என்று இருந்தது. சிநேகிதியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "பேனா வெச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

கவுண்டரிலேயே நின்று எழுதினோம். ஒரு பிரதி விடாமல், அந்த வரியின் பக்கத்தில் தமிழில்: "இதைச் சொன்னது பீன்யாவில் காயில் சுற்றும் ஒரு பெண். செயலாளர் அல்ல." கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. என்ன எழுதுகிறோம் என்று கேட்டார். சொன்னேன். "எனக்கு மட்டும் புரியாம எழுதினா எப்படி? கன்னடத்துலயும் எழுதும்மா," என்றார். சிநேகிதிக்குக் கன்னடம் எழுத வரும். எழுதினாள்.

அந்த வாரமே செயலாளர் எங்களைக் கடை வாசலில் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "எல்லா காப்பியையும் நாசம் பண்ணிட்டீங்க. ஸாரி கேளுங்க."

"நாங்க எழுதினதுல பொய் இருக்கா?"

"அது விஷயம் இல்ல."

"அதுதாங்க விஷயம்."

"இது எங்க கிளப். இனிமே நீங்க வரவேணாம்," என்றார்.

நான் மன்னிப்பு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதற்காக ஒருமுறையும் வருத்தப்பட்டதில்லை.

மறுநாள் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னோம். வைண்டிங் செக்ஷனில் எங்களோடு வேலை பார்த்த ஐந்து பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை. "நோட்டீஸ்ல எல்லாரும் வரலாம்னு இன்னும் இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். இருந்தது. கிழித்துப் போட கிளப்காரர்களுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு ஏழு பேர் மாடி ஏறினோம். இந்தத் தடவை முதல் வரிசை. செயலாளர் கூட்டத்தை ரத்து செய்வதாகச் சொன்னார். சிலர் எழுந்து போனார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் கைதட்டியவர் எழுந்து கேசட்டைப் போட்டார். ஐந்து பேருக்கும் முதலிலிருந்து கதை தெரியவேண்டும் என்று ரயில் நிலையப் பகுதியையே மறுபடி பார்த்தோம். புரியாத இடங்களில் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். யாராவது பதில் சொன்னார்கள், வாய்க்கு வந்த மொழியில். செயலாளர் கதவுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. காயிலைக் கவனித்தது நான்தான் என்ற திருத்தத்தை அவர் கடைசிவரை அச்சிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

படம் முடிந்ததும், தும்கூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த பெண் கையைத் தூக்கினாள். பஸ்ஸில்கூட அதிகம் பேசாதவள்.

"ஆ அம்மன்ன யாராத்ரூ கேளித்ரா?" என்றாள் கன்னடத்தில். அந்த அம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? எந்த அவசரத்துக்கு அந்த ரயிலில் கிளம்பினாளோ, யாரோ ஒருத்தி வந்து டிக்கெட்டைக் கிழித்துவிட்டுப் போய்விட்டாளே.

அதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. உயிரைக் காப்பாற்ற எதற்கு அனுமதி என்றாள் சிநேகிதி. சொல்லியாவது இருக்கலாமே என்றேன் நான். சொன்னால் எந்த அம்மா நம்புவாள் என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது, தமிழில். ஏழு பேரும் ஒரே நேரத்தில் அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தோம்.