பச்சைத்தோல் வட்டிக்காரன்

என் அண்ணன் முருகவேல் முதலில் முகம் வரைந்தது பூசணிக்காயில். அடி அண்ணாமலையில் யார் புது வீடு கட்டினாலும், வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்குக் கண்ணும் கோரைப்பல்லும் அவன்தான் போடுவான். அந்த முகம் ஊரில் யாருடைய சாடையிலும் இருக்கக் கூடாது; இருந்தால் சண்டை வந்துவிடும். கோரமான முகம் யாருடைய முகமும் இல்லை என்று அவன் நம்பியது அதனால்தான்.

படித்து முடித்தபின் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீடியோ கேம் பாத்திரங்கள் வரைந்தான். வேற்றுக்கிரகத்து வட்டிக்காரன் ஒருவன் வேண்டும் என்று மாதிரிப் படங்கள் அனுப்பினார்கள். வளைந்த மூக்கு, கூன் முதுகு, காசைப் பற்றிய நீண்ட விரல்கள். பச்சைத் தோல் போட்டு அப்படியே வரைந்தான். கேமின் முடிவில் அவன் பெயர் முதன்முறையாக வரவிருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லிவைத்திருந்தான்.

ஒருநாள் ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடையில் அவன் லேப்டாப்பில் அந்த வட்டிக்காரனைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அங்கே வந்த மிரியம் என்ற யூதப் பெண்மணி திரையைப் பார்த்து நின்றுவிட்டார். தன் தாத்தாவின் ஊரில் யூதர்களை இப்படித்தான் சுவரொட்டியில் வரைந்தார்கள், பிறகுதான் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்றார். திட்டவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மேலாளர் சக்கரவர்த்திக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

“சார், யூதருங்கள இழிவுபடுத்த இப்படித்தான் வரைஞ்சாங்களாம். மூக்க மாத்திடறேன். கையில இருக்கிற காசையும் எடுத்துடறேன்.”

“பச்சைத் தோல்காரனுக்கு ஏதுப்பா மதம்? எந்த கிரகத்துல கோயில் கட்டியிருக்கான்?” என்று சிரித்தார். “க்ளையன்ட் ஓகே பண்ணிட்டாரு. வுடு.”

“அப்ப என் பேர எடுத்துடுங்க சார்.”

“பேரு போடுங்கன்னு ஒரு வருஷமா உயிர வாங்கினது நீதான?”

“ஆமாங்க சார். இப்ப வாணாம்.”

அந்தப் பேச்சோடு வேலை போயிற்று. மறுபடி பூசணிக்காய்தான். கண் வைத்தான், பல் வைத்தான். மூக்கு மட்டும் வைக்கவில்லை. “இன்னாடா, உன் பூதத்துக்கு மூச்சே வராதா?” என்று கட்டட மேஸ்திரிகள் கேலி செய்தார்கள்.

மாசியில் செங்கம் சாலையில் லாரி மோதி இறந்தான். பங்குனியில் கேம் வெளிவந்தது. அதே மூக்கு, அதே விரல்கள். முடிவில் ஓடிய பெயர்களில் முருகவேல். இணையத்தில் அவன் பெயரைத் தேடினால் இப்போது வருவது அந்த முகம்.

கம்பெனிக்கு எழுதினேன். அண்ணன் இறந்துவிட்டான், அவன் கேட்டபடி பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று.

நேற்றுப் பதில் வந்தது. ஆழ்ந்த இரங்கலாம். அவன் நினைவைப் போற்றும் விதமாக, இனி அந்த வட்டிக்காரன் திரையில் வரும்போதெல்லாம் கீழே அவன் பெயரும் வருமாம்.