அம்மா ‘வாங்க’ சொல்லாத கல்யாணம்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் சிலருக்கு அவர் மீது சிறு மனத்தாங்கல் இருந்திருக்கலாம். முதலில் அதைத் தீர்த்துவிடுகிறேன்.

சிதம்பரம் கீழ வீதியில் பிறந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் அம்மா. அப்பா காலமானபோது நான் ஐந்தாம் வகுப்பு, அண்ணன் எட்டாம் வகுப்பு. ரவிக்கை தைத்தே எங்கள் இருவரையும் பட்டதாரிகள் ஆக்கினார். சர்க்கரை நோய் வந்த பிறகும் தையல் மெஷினை விடவில்லை. மாதாமாதம் ரத்தம் சோதித்தோம். கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் தவறு.

2007இல் சிதம்பரத்தில் அண்ணன் கல்யாணம். மண்டப வாசலில் நின்ற அம்மா, நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த அத்தையை, அப்பாவின் ஒரே தங்கையை, ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு நியாயம் கேட்க அவரே கடலூர் வந்தார். எதிரே நின்றவரைப் பார்த்து அம்மா, யார் வேண்டும் என்று கேட்டாராம். அத்தை சண்டையைத் தொடங்கிய பிறகுதான், அம்மா முகத்தைத் திருப்பித் திருப்பி ஓரப்பார்வையாகப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார்.

“அண்ணி, என் மூஞ்சி தெரியுதா ஒங்களுக்கு?”

“ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் பொகை மூடுனாப்ல இருக்கு. கல்யாணம் முடியட்டும்னு சொல்லாம இருந்துட்டேன்.”

அத்தை அழுதுவிட்டார். மறுநாளே கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் கசிந்து, நடுப்பார்வைக்கு உரிய இடம் வீங்கியிருந்தது. லேசர் வைத்தால் இருப்பதைக் காக்கலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். லேசர் என்றால் கண்ணில் சூடு வைப்பது என்று வரிசையில் யாரோ சொல்ல, அம்மா பயந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அத்தை விடவில்லை. அம்மா தாடையை லேசர் கருவியின் தாங்கியில் வைத்து அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்த ஒவ்வொரு தடவையும், நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து உடன் இருந்தார். வலது கண்ணின் நடுப்பார்வை மீளவில்லை. இடது கண் கடைசிவரை கைவிடவில்லை.

ஆகவே, அன்று வாசலில் உங்களையும் கேட்காமல் விட்டிருந்தால், அது அம்மாவின் கர்வம் அல்ல. மன்னித்துவிடுங்கள்.

பொறுமையாகச் சிகிச்சை தந்த டாக்டருக்கும், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், இறுதி நாட்களில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டுவார். இருந்தாலும் சொல்கிறேன். 2010இல் என் மகள் பிறந்தபோது, குழந்தையை இடது கண்ணருகே தூக்கிப் பிடித்து அம்மா வெகுநேரம் பார்த்தார். “மூக்கு அப்படியே உங்க அத்தையோடது. கோவமும் அதுமேலயேதான் இருக்கும், பாரு” என்று சிரித்தார்.

பேத்தியின் முகத்தை அம்மாவுக்குக் காட்டியது நீங்கள்தான், அத்தை.