செல்லத்துரை ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

பேச்சியம்மாளின் போன் வந்தபோது மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, இவிய தண்ணியே குடிக்க மாட்டேங்காவ. நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு. கூப்பிட்டாலும் கண்ணத் தொறக்க மாட்டேங்காவ. பயமா இருக்கு."

நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதமோ விபத்தோ வந்தவர்கள் மறுபடி தாங்களே குளிக்க, உடுத்த, சமைக்க, வேலைக்குப் போக வழி செய்வது என் தொழில். எத்தனை முறை திருத்தினாலும் தாராவியில் எனக்கு டாக்டரம்மா என்றுதான் பெயர்.

பேச்சியம்மாளின் கணவர் செல்லத்துரை தோல் பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், எங்கள் டிபார்ட்மென்டில் நன்றாகத் தேறினார். தடி ஊன்றி நடந்தார், இடது கையாலேயே சட்டை போட்டார். வீட்டுக்குப் போனதும் வாடிப்போனார். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் பாதி ஏறிய பிறகுதான் முகம் தெளிந்தது. பேச்சியம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"ஏன் அண்ணாச்சி குடிக்கல?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடிச்சா போவணும்லா."

வீட்டில் கழிப்பறை கிடையாது. சந்து முனையில்தான் பொதுக் கழிப்பறை. குத்தவைத்து உட்கார்ந்தால் அவரால் எழ முடியாது. எங்கள் டிபார்ட்மென்டில் இருப்பது வெஸ்டர்ன் டாய்லெட். அங்கே சிரமம் தெரியவில்லை. வீட்டில் வாளி. அதை மருமகள் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"மவன் கட்டிட்டு வந்த புள்ள. அது மூஞ்சில நான் எப்படி முழிக்க? இதுக்குச் செத்தே போலாம்."

மாத்திரையால் தீருகிற விஷயம் இல்லை இது. பட்டறைப் பக்கத்து வெல்டர் ஓர் இரும்பு ஸ்டூலின் நடுவே துளை வெட்டி, இரு பக்கமும் கைப்பிடி வைத்து, பொதுக் கழிப்பறைக் குழியின் மேல் போட்டு உட்காருகிற மாதிரி செய்து கொடுத்தார். ஒற்றைக் கையால் லுங்கி கட்ட வராது என்பதால் அரைக்கால் சட்டைகளுக்கு எலாஸ்டிக் தைத்தோம். உட்கார, எழ, கழுவ வீட்டிலேயே தினமும் பழகினார்.

கழிப்பறைக் காவலாளிதான் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே எதுவும் வைக்கக் கூடாது, ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள் என்றான். பேச்சியம்மாள் தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "பையா, மேரா ஆத்மி பானி நஹி பீதா. மர் ஜாயேகா" என்று, தன் புருஷன் தண்ணீர் குடிப்பதில்லை, செத்துப்போவார் என்று சொல்லி அங்கேயே நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். ஸ்டூலை வாங்கித் தன் மேஜைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவர் வரும்போது தானே எடுத்துப் போடுவதாகச் சொன்னான்.

முதல் நாள் நானும் போனேன். "தாழ்ப்பாள் போடாதீங்க அண்ணாச்சி. கதவு உள்பக்கம் திறக்குது. நீங்க விழுந்து, தாழ்ப்பாளும் போட்டிருந்தா எங்களால தள்ளவே முடியாது." தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த நொடியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வரிசை நீண்டது. "அரே, கித்னா டைம்?" எவ்வளவு நேரம்தான் என்று ஒருவன் கத்தினான். உள்ளே மக் விழுந்து உருண்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணாச்சி!" என்று கதவைத் தட்டினேன்.

காவலாளி ஓடிவந்து கதவில் தோளை வைத்தான். பேச்சியம்மாள் என் மணிக்கட்டை இறுக்கினாள். "ஒடைச்சிரலாமா டாக்டரம்மா?" உடைத்தால் கதவு அவர் மேலேயே விழும். உடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே என்னால் முடியவில்லை. காவலாளியைக் கையால் தடுத்து நிறுத்தினேன்.

"ஒடைக்காதிய" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வாரேன்."

இடது கையால் தாழ்ப்பாளை நீக்க அவர் மறுபடி மறுபடி முயல்வது கேட்டது. கதவு திறந்தது. வேர்வையில் நனைந்து, நேராக நின்றார்.

"தாழ்ப்பாள் போடாதீங்கன்னு சொன்னேனே!" என் குரல் உயர்ந்துவிட்டது.

"கதவத் தொறந்து போட்டுட்டு யாரும்மா இருப்பா?"

அவர் கேட்டது நியாயம். மறுநாளிலிருந்து தாழ்ப்பாளையும் பயிற்சியில் சேர்த்தேன்.

வீடு திரும்பியதும் மருமகள் தயங்கித் தயங்கி ஒரு செம்பு தண்ணீர் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து வாங்கி, அண்ணாந்து, முழுவதையும் குடித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கை எவ்வளவு உயர்கிறது என்று அளப்பதற்கு முன்னால், நோயாளியிடம், காலைக்கடனுக்கு எங்கே போகிறீர்கள், யார் உதவியோடு போகிறீர்கள் என்று கேளுங்கள். சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள்.