கீழே ஓர் ஆள்

வாலாஜாபாத் கடைக்காரர் நீளமான ஆன்டெனா ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஒரகடத்துக்கு மெட்ராஸ் டவர் தூரம் சார், இதான் இழுக்கும். மேல ஒருத்தர் திருப்பணும், கீழ ஒருத்தர் டிவியப் பாத்து சொல்லணும். வூட்ல யாருனா கீறாங்களா?"

சிறுவயதில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மாடியில் அப்பா, சுடும் குழாயைத் துண்டு சுற்றிப் பிடித்துத் திருப்புவார். டிவி முன்னால் அம்மா. அவள் சொல்வதை வாசலில் நின்று நான் மேலே கத்துவேன். வானம் இருட்டி இடி உறுமினால், திரையில் வெறும் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சொல்வாள்: "வந்துடுச்சின்னு சொல்லுடா. மனுஷன் எறங்கட்டும்." அப்பா ஈரத் தலையோடு வந்து, அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது அம்மாவும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது.

"இதுல புள்ளி வருமா?" என்று கேட்டேன்.

"டிஜிட்டல் சார். வந்தா முழுசா வரும், இல்லன்னா ஒண்ணுமே வராது."

வாங்காமல் திரும்பினேன். மாடிக்கு நான் ஏறிவிடுவேன். பொய் சொல்லியாவது என்னை இறங்க வைக்கக் கீழே யாருமில்லை.