லைன் இல்லாத வெளிச்சம்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை ஆய்வகத்தில், எஃகுத் துண்டின் மேல் மின்பொறி பாய்ச்சி அந்த ஒளியைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. பொறியில் ஆவியாகும் அணுக்கள் தனித்தனி நிறக் கோடுகளைத் தரும். இரும்புக்கு அதன் கோடுகள், குரோமியத்துக்கு அதனுடையவை. நாங்கள் அவற்றை ‘லைன்’ என்போம்.

ஒரு நாள் மதியம், ஒளியைப் பிரிக்கும் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பல்சக்கரங்களைப் பதப்படுத்தும் உலைக்குப் போனேன். உலையைக் கவனிப்பவர் மணிமங்கலத்துக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரம் செய்ய அந்த வாரம் பெயர்கள் மேலே போகவிருந்தன. தன் ஷிப்டில் உற்பத்தி லைன் ஒரு முறை நின்றாலும் தன் பெயர் போகாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உலையின் துளை வழியே பார்த்தேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், மங்கலாய்ப் பச்சை. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடமே தெரியவில்லை.

“லைன் இல்லையே!” என்று கத்திவிட்டேன்.

“இன்னா சார்? நின்னுட்ச்சா?” அவர் பதறி ஓடி பெல்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “ஓடிக்கினுதானே கீது! பயங்காட்றியே சார்!”

நான் சொன்னது நிறக் கோட்டை, ஆய்வகப் பொறியில் தெரியும் கோடு இந்த உலையில் தெரியவில்லை என்று விளக்கித் தாளைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே இரும்புதானே?” என்றார்.

ஒரே இரும்புதான். பொறியில் அணு தனியாக நிற்கிறது. அதன் ஆற்றல் படிகள் மாறாதவை, படியிறங்கினால் குறித்த நிறம்தான் வரும். கட்டி இரும்பிலோ கோடானுகோடி அணுக்கள் நெருக்கியடித்து, ஒன்றின் படியை மற்றொன்று சற்றே நகர்த்துகின்றன. படிகள் அழிவதில்லை; இடைவெளியே தெரியாதபடி பெருகிவிடுகின்றன. அங்கே பிறக்கும் ஒளியும் விழுங்கப்பட்டு, உமிழப்பட்டு, மறுபடி விழுங்கப்பட்டு, எதிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை இழக்கிறது. துளைக்கு வந்து சேர்வது எவ்வளவு சூடு என்ற சேதி மட்டுமே. படித்ததுதான். ஆனால் கண்ணெதிரே கண்டபோது எனக்குப் புல்லரித்தது. அவரும் தாளைத் திருப்பித் தராமல் நின்றார்.

“இன்னாயா, எதுக்கு அப்படி ஓடுன?” சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“லைன் நின்னுட்ச்சோன்னு, சார்.”

“லைனுக்கு இன்னா? உன் பேரு காலைலயே போயிட்ச்சு. போய் வேலயப் பாரு.”

இடைவேளையில் மணிமங்கலத்துக்காரர் தன் மனைவிக்கு போன் செய்தார். “பேரு போயிட்ச்சு!” மறுமுனையில் அழுகை எனக்கே கேட்டது.

“அடியே, அழாத! மேல போயிட்ச்சுடி, மேல!”