வாசனை வராத கேஸ்

இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்துக்கு மெஷினில் கேஸ் ஏற்றி நுரையாக உறைய வைக்கிற ஐஸ் சோடா என்றால் செல்வமேரிதான். கடை கோமதிநாயகத்துடையது. மெஷினை அதட்டி வேலை வாங்கியவள் அவள். சர்க்கரை குறைந்தால் கல்லாக இறுகும், கூடினால் கஞ்சியாக ஓடும், கேஸ் குறைந்தால் உப்பாமல் பாதிக் கப்பிலேயே படுத்துவிடும். அவள் கைக்கு மட்டும் கப்புக்கு மேல் கோபுரமாக நிற்கும்.

அவள் புருஷன் செல்வநாதனுக்கு நைட் ஷிப்ட். வாடகை வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே பகலில் மனுஷன் தூங்க முடியுமா? கடைக்குப் பின்னால், மெஷினுக்குக் குழாய் போகிற சோடா கேஸ் சிலிண்டரும் சிரப்பும் வைத்திருந்த ஜன்னலில்லாத ஏசி அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வான்.

அந்தச் சித்திரை மதியம் கப்புகள் உப்பவில்லை. முதலாளிக்குப் போன் போட்டாள்.

"கேஸ் பத்தலன்னு நெனைக்கேன். வால்வ இன்னுங் கொஞ்சம் தொறந்து விடும்மா," என்றார் கோமதிநாயகம்.

"லீக்கு கீக்கு இருக்குமாண்ணே?"

"மோந்து பாரு. லீக்குன்னா வாசன வரும்லா?"

கேஸ் அடுப்பு மூட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே அது! உள்ளே போய் சிலிண்டரை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. குனிந்தபோது மட்டும், சோடா ஏப்பம் விட்டதுபோல மூக்கில் சுருக்கென்று ஏறியது. காலையிலிருந்து ருசி பார்த்த சோடாதான் என்று விட்டுவிட்டாள். வால்வைத் திறந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான் செல்வநாதன். குறட்டைகூட இல்லாமல் அயர்ந்து தூங்குகிறானே, பாவம் என்று, குளிர் வெளியே போகாதபடி கதவை இறுகச் சாத்திவிட்டு வந்தாள்.

கப்புகள் மறுபடி கோபுரம் கட்டின. சாயங்காலம் ஷிப்டுக்கு எழுப்பப் போனபோது அவன் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்தபிறகு மெக்கானிக் தணிகாசலம் வந்து குழாயில் இருந்த விரிசலைக் காட்டினான். "சோடா கேஸுக்கு வாசன கெடையாதுக்கா. தரையிலயே தங்கிகினு மூச்ச அடைச்சிடும். கப்பு உப்பலன்னா, கேஸ் வேற எங்கயோ போய்க்கினு கீதுன்னு அர்த்தம்."

சிலிண்டர் இறக்கியவன் சொல்லவில்லை, கடைக்காரர் சொல்லவில்லை. இழவு விழுந்தபிறகு சொல்ல மட்டும் ஆள் இருந்தது.

செல்வமேரி இப்போது குன்றத்தூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள். ஒருநாள் அடுப்பு கேஸ் கசிந்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கிற ராஜம்மா அவளை வெளியே இழுத்து வந்து, "இன்னாடி, வாசன வரலையா உனக்கு?" என்று கத்தினாள்.

"வருதுக்கா," என்றாள் செல்வமேரி. "இதுக்கு வருது."