சண்முகநாதன் அண்ணையின் வெயில் உரிமை

கனடாவின் ஸ்காபரோவில் ஞாயிறு காலை வானொலியில் நேயர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசவைப்பது என் பிழைப்பு. பதினொரு வருடமாக முதல் அழைப்பு ஒரே ஆளிடமிருந்துதான் வருகிறது. தலைப்பு சொத்து வரியாக இருக்கட்டும், பள்ளிக்கூடச் சாப்பாடாக இருக்கட்டும், சண்முகநாதன் அண்ணை தனிமனித உரிமையில் தொடங்கி அதிலேயே முடிப்பார். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்பது எங்கள் நிகழ்ச்சியின் சட்டம். அதுவும் உரிமை மீறல்தான் என்பார்.

"தம்பி, என்ர காணி, என்ர உரிமை. நான் அதில மாளிகையும் கட்டுவன், மாட்டுக்கொட்டிலும் கட்டுவன். கேக்கிறதுக்கு அரசாங்கம் ஆர்?"

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பனி கொட்டிய நாளில் காலை ஏழு மணிக்குள் தெருவை வழிக்கவில்லையென்றால், "அரசாங்கம் என்ன நித்திரையோ?" என்று முதலில் கத்துவதும் அவர்தான். வரியே வேண்டாமென்றால் பனி வழிக்கிறவனுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "தம்பி, சிக்னல் சரியில்லை" என்று போனை வைத்துவிட்டார்.

அண்ணைக்கு அறுபத்துமூன்று வயது. கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையொன்றில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்து ஓய்வுபெற்றவர். வேலை போனாலும் அளவு நாடா சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. அவருடைய உயிர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புடலங்காய்ப் பந்தலில் இருந்தது. சித்திரையில் வீட்டுக்குள்ளேயே கன்று முளைக்கவைத்து, குளிர் போனதும் வெளியே நட்டு, காய் பிடித்ததும் வளையாமல் நேராக நீள நுனியில் கல்லுக் கட்டி, தினமும் காலையில் ஒவ்வொரு காயையும் அளந்து காகிதத்தில் குறிப்பார். மனைவி வசுமதி அக்காவின் பிறந்தநாள் அந்தக் காகிதத்தில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பந்தல் உயரம் கூடிவிட்டதென்று யாரோ முறைப்பாடு செய்ய, நகரசபையிலிருந்து ஆள் வந்தார். அண்ணை நான்கு ஞாயிறு என் காதைத் தின்றார். கடைசியில் பக்கத்து வீட்டு ஸிராஜ், "இதனால் எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. உரிமை வென்றுவிட்டதென்று அண்ணை வானொலியில் முழங்கினார். ஸிராஜின் கையெழுத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை.

ஸிராஜ் யாழ்ப்பாணத்து முஸ்லிம். குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பூட்டும் வேலை. இந்த வருடம் தன் பின்வளவில் உம்மாவுக்கு ஒரு சின்ன வீடு கட்ட விண்ணப்பித்தார். உம்மா ரஹ்மத்தும்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன, சக்கர நாற்காலிதான். வேலியிலிருந்து விடவேண்டிய தூரத்தில் ஒன்றரை அடி குறைந்ததால் நகரசபைக் குழுவொன்று விசாரித்து அனுமதி கொடுக்கவேண்டும். அந்த அறிவித்தல் பலகை ஸிராஜின் வாசலில் நின்ற அன்றே அண்ணை நாடாவும் கையுமாகத் தன் பின்வளவுக்குப் போனார். ஸிராஜின் வளவு தெற்குப் பக்கம். வீடு எழும்பினால் பந்தலுக்கு வெயில் இல்லை.

மாளிகையும் மாட்டுக்கொட்டிலும் கட்டுவேன் என்ற மனிதர் அன்று காலையே நகரசபைக்கு ஆட்சேபனைக் கடிதம் அனுப்பினார். கேட்டால் தத்துவம் மாறவில்லையாம். "வெயிலும் என்ர சொத்துத்தான் தம்பி. அதை மறைக்கிறவன் களவெடுக்கிறான்."

ஒரு வாரம் கழித்து ஒரு பின்னேரம் ஸிராஜ், தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பம் நிறைந்த ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"அண்ணை, நீங்கள்தான் உரிமை பற்றி வடிவாக் கதைக்கிற ஆள். விசாரணையில எங்களுக்காக ரெண்டு வசனம் சொல்லுவீங்களே?"

அண்ணையின் வாயில் வட்டிலப்பம் இருந்தது. வேறு வழியில்லாமல் "ஓம்" என்றார்.

ஸிராஜ் போனதும் வசுமதி அக்கா பிடித்துக்கொண்டார். "உங்கட கடிதத்தை அவங்கள் அங்க எல்லாருக்கும் முன்னால சொல்லுவாங்கள். பிறகு எந்த மூஞ்சையை வைச்சுக்கொண்டு அந்தச் சனத்தைப் பாக்கிறது?"

இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலிக்கு மேலால் வந்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது. அங்கிருந்து இனிப்பு வந்தால் இங்கிருந்து புடலங்காய் போகும். இந்த முறை அக்கா கிண்ணத்தைக் கழுவிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டார்.

"வெறுங் கிண்ணம் குடுக்க ஏலாது. அப்பிடிக் கடிதம் எழுதிப்போட்டு உந்தப் பந்தலில இருந்து காய் வெட்டி வைக்கவும் எனக்குக் கை வராது. நீங்களே யோசியுங்கோ."

இரண்டு மாதம் அந்தக் கிண்ணம் அங்கேயே இருந்து அண்ணையைப் பார்த்தது. அவர் குளிர்தண்ணீர் எடுப்பதை விட்டுவிட்டுக் குழாயிலேயே குடித்தார். ஞாயிறுகளில் அழைப்பும் இல்லை. எனக்கு அந்த மூன்று நிமிடத்தை நிரப்பப் பாட்டுப் போடவேண்டியதாகிவிட்டது.

விசாரணை புரட்டாதியில், கணினித் திரை வழியாக. முதல்நாள் மாலை அண்ணை நாடாவோடு ஸிராஜ் வீட்டுக்குப் போனார். வீட்டை வேலிப் பக்கம் நான்கு அடி குறைத்துக் கட்டினால் பந்தலும் பிழைக்கும், முகமும் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. ஸிராஜ் வேலையால் வந்திருக்கவில்லை. ரஹ்மத்தும்மா கூடத்தில் கட்டிலில் இருந்தார். குளியலறை மாடியில் என்பதால், கட்டிலைச் சுற்றித் திரை கட்டி அதற்குள்ளேயே வாளித் தண்ணீரில் உடம்பு துடைத்து இரண்டு வருடமாம். அண்ணை சக்கர நாற்காலியை அளந்தார், அது திரும்ப வேண்டிய இடத்தை அளந்தார், மேசையில் கிடந்த வரைபடத்தோடு ஒப்பிட்டார். இருபத்தாறு வருடத் தரப் பரிசோதகருக்கு ஒரு அங்குலம்கூட மிச்சம் கிடைக்கவில்லை.

"தம்பி, உங்கட பந்தலுக்கு வெயில் மறைக்குமெண்டு நான் ஸிராஜிட்டச் சொன்னனான்" என்றார் ரஹ்மத்தும்மா. "எனக்கு அந்தக் கவலை தெரியும். எங்கட வளவிலயும் பந்தல் நிண்டது. தொண்ணூறில இயக்கக்காரர் முஸ்லிம் சனம் எல்லாரையும் ரெண்டு மணித்தியாலத்தில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்கள். காய் தொங்கத் தொங்க விட்டிட்டு வந்தனாங்கள். அண்டைக்கு எங்களுக்காக ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ஆரைச் சொல்லுறது, எல்லாருக்கும் பயம்தானே."

குற்றம் சாட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை, காயைப் பற்றிய பேச்சில் தானாக வந்தது. அந்த வருடம் அண்ணை யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவரும் வாய் திறக்கவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது முதல்முறையாக அவரை இடைமறிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் கணினி பூட்டிக் கொடுக்க நான் போயிருந்தேன். வசுமதி அக்கா கதவோரம் கைகட்டி நின்றார். குழுத் தலைவி, பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் என்பவரிடமிருந்து ஓர் ஆட்சேபனை வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு தாளைப் புரட்டி, விண்ணப்பத்தை ஆதரித்துப் பேச இருப்பவரும் பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் என்றார். இருவரும் ஒரே ஆளா என்று கேட்டார்.

"ஓம், ரெண்டும் நான்தான்" என்று அண்ணை பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு தன் உரத்த ஆங்கிலத்துக்கு மாறினார். கடிதத்தைத் திருப்பி எடுப்பதாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு வேண்டிய இடத்தைத் தன் கையால் அளந்ததாகவும், ஒரு அங்குலமும் குறைக்க முடியாதென்றும் சொன்னார். "நான் பதினொரு வருடம் வானொலியில் உரிமை உரிமை என்று கத்தினேன். எல்லாம் என்னுடைய உரிமை. இன்னொருவருக்காக நான் பேசுவது இதுதான் முதல்தடவை. முப்பத்தைந்து வருடம் பிந்திவிட்டது. அனுமதி கொடுங்கள்."

இன்னும் நான்கு நிமிடம் பேசலாம் என்றார் தலைவி. அண்ணை வேண்டாம் என்று தலையாட்டினார். நான் மணிக்கூட்டை இரண்டுதரம் பார்த்தேன்.

அனுமதி கிடைத்தது. மாலையில் அண்ணை அடுத்த வருட விதைக்கென்று பழுக்க விட்டிருந்த ஒரே காயை வெட்டிப் பிளந்து, விதை முழுவதையும் வழித்துக் காயவைத்தார். நான்காம் நாள் கிண்ணத்தில் புதுப் புடலங்காய்த் துண்டுகளை அடுக்கி, மேலே விதைப் பொட்டலத்தை வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது ஸிராஜ் தடுத்தார்.

"அது நான் கிண்ணத்தோட வந்த அண்டைக்குக் காலமையே எனக்குத் தெரியும் அண்ணை. நகரசபை இணையத்தளத்தில போட்டிருந்தாங்கள். அதைப் பாத்திட்டுத்தான் உம்மா வட்டிலப்பம் செய்யச் சொன்னவ."

அண்ணை விதைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிண்ணத்தை ஸிராஜின் கையில் வைத்தார். பிறகு ரஹ்மத்தும்மாவின் கையில் பொட்டலத்தைக் கொடுத்தார். "அம்மா, இனி வெயில் உங்கட பக்கம்தான். புது வீட்டுக்கு முன்னால பந்தலைப் போடுங்கோ."

ரஹ்மத்தும்மா பொட்டலத்தைப் பிரித்து விதைகளைத் தடவிப் பார்த்தார்.

"போடலாம் தம்பி. ஆனா கதிரையில இருந்துகொண்டு காய்க்குக் கல்லுக் கட்ட எனக்கு எட்டாதே."

"நான் வந்து கட்டுறன்" என்றார் அண்ணை.